நெய்வேலிச் சுரங்கம் போதாதா?

வணக்கம் ஐயா,

கடலூரில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறேன். புதுச்சேரியில் நீங்கள் பேசிய கூட்டத்துக்கு வந்திருந்தேன். பிரபஞ்சத்தின் முதல் நிமிடங்களில் எவ்வளவு டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) மிஞ்சியது என்று கணக்கிட, இத்தாலியில் ஒரு மலைக்கடியில் சோதனை செய்தார்கள் என்றீர்கள். 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்ததை இப்போது எப்படி அளப்பது? விடைக்கேற்ப எண்களை மாற்றிக்கொள்கிறார்களோ என்று தோன்றியது. அப்புறம், மலைதான் வேண்டுமா? நம் நெய்வேலிச் சுரங்கம் போதாதா?

ஒரு மாணவர், கடலூர்

அன்புள்ள தம்பி,

பெருவெடிப்பை யாரும் திரும்ப நடத்திப் பார்க்கவில்லை. ஒரு புரோட்டான் டியூட்டீரியத்தில் மோதினால், இரண்டும் சேர்ந்து ஹீலியம்-3 ஆக எவ்வளவு வாய்ப்பு? இந்த வினைதான் அன்று டியூட்டீரியத்தைத் தின்றது, அதனால் இதைத்தான் அளக்கிறார்கள். அந்த வாய்ப்பு மோதலின் ஆற்றலைப் பொறுத்தது. அன்றைய வெப்பம் நூறு கோடி டிகிரியை ஒட்டி இருந்தது. அதில் கணக்குக்கு வரும் மோதல்கள் ஏறக்குறைய 30 முதல் 300 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை. நான் சொன்ன இத்தாலி மலை கிரான் சாசோ. அதன் அடியில் சோதனை செய்யும் லூனா குழுவின் 400 கிலோவோல்ட் முடுக்கிக்கு இது எட்டும் ஆற்றல்தான்.

கஷ்டம் வேறு இடத்தில். இரண்டும் நேர் மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தடையை ஏறிக் கடக்காமல் ஊடுருவிப் போகும் குவாண்டம் டனலிங் வழியாக மட்டுமே சேர முடியும். ஆற்றல் குறையக் குறைய அந்த வாய்ப்பு தலைகீழாகச் சரிகிறது. சூரியனுக்குள் இரண்டு ஹீலியம்-3 சேரும் வினையை இதே குழு தொண்ணூறுகளில் அளந்தது. மிகக் குறைந்த ஆற்றலில் அவர்களுக்குக் கிடைத்தது மாதத்துக்கு இரண்டு நிகழ்வுகள்!

அதனால்தான் மலை. டியூட்டீரியம் வினையில் 5.5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர் வெளிவரும். பாறையிலிருந்தும் காமா வரும். ஆனால் அது பெரும்பாலும் 2.6 மில்லியனோடு நின்றுவிடும். மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிறதே தோரியம், அதன் சிதைவு வரிசையில் வரும் கோடு அது. அதற்கு மேல் கேட்கும் இரைச்சலெல்லாம் பெரும்பாலும் விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்களால் வருவது. தலைக்கு மேல் 1400 மீட்டர் பாறை இருந்தால் அந்தக் கதிர்களால் உண்டாகும் மியுவான் துகள்கள் பத்து லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம், மேலே வானம்தான். கோலார் தங்கச் சுரங்கம் என்றால் சரி. 1965-இல் அங்கே இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களைப் பிடித்ததும் இதே காரணத்தால்தான். எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் உழைத்த சுரங்கம் அது.

இனி உங்கள் சந்தேகம். டியூட்டீரிய வாயு இருக்கும் அறைக்கு லூனாவில் ஜன்னல் கிடையாது. மெல்லிய தகடு வைத்தாலும் புரோட்டான் வேகமிழக்கும். எனவே பம்புகளை அடுக்கடுக்காக வைத்து, கசியும் வாயுவை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறார்கள். எத்தனை புரோட்டான் வந்தது, வாயுவின் அடர்த்தி என்ன, எத்தனை காமா தெரிந்தது, கருவி எத்தனையைத் தவறவிட்டிருக்கும் என்று ஒவ்வொன்றையும் தனியாக அளக்கிறார்கள். இந்தப் பொறுமைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. 2020-இல் வந்த முடிவின் பிழை 3 சதவீதத்துக்கும் குறைவு. வானியல் தரவு எதுவும் அந்த எண்ணுக்குள் நுழையவில்லை. அதைப் போட்டு, தொலைவிலுள்ள வாயு மேகங்களில் காணும் டியூட்டீரிய அளவோடு சேர்த்துக் கணக்கிட்டால், பிரபஞ்சத்தில் சாதாரணப் பொருள் எவ்வளவு என்று வருகிறது. பிளாங்க் விண்கலம், பெருவெடிப்பின் மிச்சமான பின்னணிக் கதிர்வீச்சிலிருந்து எடுத்த எண்ணும் அதுவே.

விடைக்கேற்ப மாற்றுகிறவர்கள் என்றால் அதே முதல் நிமிடங்களில் உருவான லித்தியத்தின் கணக்கை அல்லவா முதலில் மாற்றியிருப்பார்கள்! பழைய நட்சத்திரங்களில் காண்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு லித்தியத்தைக் கணக்கு சொல்கிறது. அதில் பெரும்பகுதி முதலில் பெரிலியம்-7 ஆகப் பிறந்து, பிறகு லித்தியமாக மாறியது. நியூட்ரான் அந்தப் பெரிலியத்தைக் கூடுதலாக அழித்திருக்குமோ என்று ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் அளந்தார்கள். 53 நாளில் பாதியாகக் கரைந்துவிடும் பொருளை வைத்துக்கொண்டு செய்த வேலை. 2016-இலும் 2018-இலும் முடிவுகள் வந்தன. இடைவெளி தீரவில்லை, அதை அப்படியே எழுதி வெளியிட்டார்கள். நட்சத்திரத்தின் மேற்பரப்பிலிருந்து லித்தியம் உள்ளே அமிழ்ந்திருக்கலாம் என்பது இப்போது வலுவாகப் பேசப்படும் ஒரு விளக்கம்.

இந்தத் துறையில் புராஜெக்ட் செய்ய எண்ணம் இருந்தால், கொல்கத்தா சாகா நிறுவனத்தில் அணு வானியற்பியலுக்கென்றே நிறுவிய ஃப்ரேனா முடுக்கி இருக்கிறது. அவர்களுக்கு எழுதுங்கள். அதற்கு முன் லூனாவின் 2020 கட்டுரையில், எந்த அளவீடு எவ்வளவு பிழையைக் கொண்டுவருகிறது என்று சொல்லும் பகுதியை நிதானமாகப் படித்துவிடுங்கள்.