மலை ஏறும் பழைய கார்: கம்ப்ரஷனும் கொதிப்பும் – கேள்வி பதில்

கேள்வி (அஸ்தம்பட்டி): அண்ணே, 1998 மாருதி 800. ஏற்காடு ஏறினால் பாதி மலையிலேயே சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது, இழுவையும் இல்லை. இன்ஜினைப் பிரித்து பிஸ்டன் ரிங் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: அளந்து பார்க்காமல் பிரிக்க விடாதீர்கள். முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். இன்ஜின் சூடாகவும் பேட்டரி நல்ல சார்ஜிலும் இருக்க வேண்டும். மூன்று பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் காயில் வயரை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிளக் துளையிலும் கம்ப்ரஷன் கேஜை (அழுத்தமானி) மாட்டி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். மிதிக்க மறந்தால் காற்று சரியாக உள்ளே போகாது, நல்ல இன்ஜினும் செத்ததாகக் காட்டும்.

மூன்று எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். கேஜ் முள் நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. அசையவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் கசிவை அடைக்கும் தகடு). பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போயிருக்கும். கொதிப்பும் இருப்பதால் எனக்குச் சந்தேகம் அங்கேதான்.

இன்னொரு சோதனை: காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிகிறது. சூட்டில் மட்டும் அந்த மூடியில் கை வைக்காதீர்கள்.

கேள்வி (ஏற்காடு): நான் மேலேயே அளந்தேன். எல்லா சிலிண்டரும் 140 psi. கீழே போன வருடம் 160 இருந்தது. ஆயில் மூடியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிகிறது. கேஸ்கெட் போய்விட்டதா?

பதில்: பயப்படாதீர்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. கீழே 160 காட்டும் இன்ஜின் மேலே 140 பக்கம்தான் காட்டும். எல்லா சிலிண்டரும் ஒரே அளவு என்பதுதான் நல்ல செய்தி. அந்த வெள்ளைப் படிவு, குளிரில் பஜார் வரை மட்டும் ஓட்டித் திரும்பும் வண்டிகளில் வருகிற ஈரம். டிப் ஸ்டிக்கில் ஆயில் நிறம் மாறாமல், ரேடியேட்டரில் தண்ணீர் குறையாமல் இருந்தால் விடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை நீளமாக ஓட்டினால் போய்விடும்.

கேள்வி (ஆத்தூர்): டீசல் ஜீப்புக்கும் இதே கேஜ் போதுமா?

பதில்: போதாது. டீசலில் அழுத்தம் இரண்டு மடங்குக்கும் மேல். டீசல் பட்டறைக்குப் போங்கள்.

கேள்வி (சூரமங்கலம்): சேலம் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம் என்று கழற்றிவிட்டார்கள். சரிதானே?

பதில்: இல்லை. இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். இன்ஜின் கொதிக்கும் அளவுக்குச் சூடானால் அது முழுதாகத் திறந்தே இருக்கும். அதைக் கழற்றுவதால் பெரிய குளிர்ச்சி கிடைக்காது. சில இன்ஜின்களில் பைபாஸ் வழி திறந்தே கிடந்து, தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். அப்போது சூடு கூடத்தான் செய்யும்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): மன்னிக்கணும் அண்ணே. நான் கழற்றினேன், அதற்கப்புறம் ஒருமுறைகூடக் கொதிக்கவில்லை. அனுபவம் பெரிதா, புத்தகம் பெரிதா?

பதில்: உங்கள் அனுபவம் உண்மைதான் தம்பி, அது காட்டுவது வேறு. உங்கள் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருந்திருக்க வேண்டும். புதிது போட்டிருந்தாலும் கொதித்திருக்காது. அது இல்லாத வண்டி ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கும்போது இன்ஜின் ஜில்லென்று ஆகிவிடுகிறது. குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவுகிறது, ரிங் தேய்கிறது. இன்று கழற்றியது நாளை கம்ப்ரஷன் குறைவாக வந்து நிற்கும். பழையதைத் தூக்கிப் போடாமல், நூலில் கட்டித் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள், கூடவே தெர்மாமீட்டர். அதன் மேல் பொறித்த எண்ணுக்குப் பக்கத்தில் வால்வு மெல்லப் பிரியும். கொதித்தும் பிரியாததுதான் குற்றவாளி.

கேள்வி (ஓமலூர்): போர் தண்ணீரே ஊற்றுகிறேன். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை அல்ல. அந்த உப்பு ரேடியேட்டர் குழாய்களில் காரையாகப் படியும், அப்புறம் ஃபேன் எவ்வளவு சுற்றியும் பயன் இல்லை. காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலண்டும் பாதிப் பாதி.

கேள்வி (அம்மாபேட்டை): மலையில் கொதித்தால் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: கூடாது, ஹெட் விரிசல் விடும். ஓரம் கட்டி அணைத்து, ஆறவிடுங்கள். மூடியைத் திறக்காதீர்கள். முன்பே சொன்னேன், மறுபடி சொல்கிறேன்: உள்ளே இருக்கும் அழுத்தத்தில் கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும்.

கேள்வி (சூரமங்கலம், மறுபடி): சரி அண்ணே, தெர்மோஸ்டாட் போட்டுவிடுகிறேன். வெயிலுக்காகக் குறைந்த டிகிரியில் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த எண் எதுவோ, அதுவே.