ஏஏ கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நானும் கூடப் போகலாமா?

"வீட்டுக்காரர் காலையிலேயே குடிக்க ஆரம்பித்துவிடுகிறார். விடணும்னு அவரே சொல்கிறார். எங்களுடையது சின்ன ஊர். ஏஏ கூட்டம் எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நானும் போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏஏ என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் குழு.

காலையிலேயே என்கிறீர்கள். அப்படியானால் முதலில் ஆஸ்பத்திரி, கூட்டமெல்லாம் அப்புறம். தினமும் குடிப்பவர் சடாரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாள் கழித்து இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, இடம் பொருள் தெரியாமல் பேசுவது என்று போனால் உயிருக்கே ஆபத்து. இதை மன உறுதியால் சமாளிக்க முடியாது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு வெளிநோயாளிச் சீட்டு போடுங்கள். எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தெருமுனை கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றி அனுப்ப விடாதீர்கள். நாள்பட்ட குடியில் உடம்பில் தயமின் என்கிற பி1 சத்து வற்றிக்கிடக்கும். அதை ஊசியாகப் போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

இனி கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது, இந்தியாவுக்கு 1957ல் வந்தது. கூட்டம் நடக்கும் இடம் பெரும்பாலும் சர்ச் வளாகத்து அறை, பள்ளி வகுப்பறை என்று இருக்கும். வாசலில் பெரிய போர்டு எதிர்பார்க்காதீர்கள். ஏஏ இந்தியாவின் இணையதளத்தில் உதவி எண்கள் கிடைக்கும். இல்லையென்றால் அதே மனநலப் பிரிவிலோ குடிபோதை மறுவாழ்வு மையத்திலோ கேளுங்கள், எந்தக் குழு எந்தக் கிழமை என்று அங்கே தெரிந்திருக்கும். போதையிலிருந்து மீள மத்திய அரசின் 14446, மனநலத்துக்கான 14416 இரண்டும் கட்டணமில்லாத எண்கள்.

இணையத்தில் பார்த்த முகவரியை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். இடமும் நேரமும் மாறியிருக்கும், பட்டியல் பழசாகவே கிடக்கும். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிற ஆள் அன்றைக்கே கடைக்குப் போக அது போதும். போன் செய்து, "இந்த வாரம் கூட்டம் உண்டா, எந்த வாசல், எத்தனை மணிக்கு, யாராவது கேட் பக்கம் நிற்க முடியுமா?" என்று கேளுங்கள். எடுப்பவரும் குடியை விட்டவராகத்தான் இருப்பார், "அவர்கிட்டே போனைக் கொடுங்க" என்பார். கொடுத்துவிடுங்கள். அவருக்காக நீங்கள் பேசினால் வேலைக்கு ஆகாது.

நீங்கள் போகலாமா என்பது கூட்டத்தைப் பொறுத்தது. ஓபன் மீட்டிங் என்றால் யாரும் உட்காரலாம். குளோஸ்டு என்றால் குடிப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் குழு இருக்கிறது. அவர் போனாலும் போகாவிட்டாலும் நீங்கள் அதற்குப் போகலாம்.

உள்ளே பெரிய சடங்கு இல்லை. ஒரு பிரார்த்தனை, கொஞ்சம் வாசிப்பு, பிறகு ஒவ்வொருவராக "நான் இன்னார், குடிநோயாளி" என்று சொல்லித் தன் கதையைப் பேசுவார்கள். குறுக்கே யாரும் புத்தி சொல்லக் கூடாது. அவருக்குப் பேச விருப்பமில்லை என்றால் "இன்னைக்குக் கேட்டுக்கறேன்" என்றால் போதும். ஊர், வேலை, முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பை சுற்றி வரும். வாடகைக்கும் டீக்கும் அவர்களே போட்டுக்கொள்வது அது, முதல் நாள் வந்தவர் போடத் தேவையில்லை. கட்டணம் கேட்டால் அது ஏஏ இல்லை.

கூட்டம் பெரும்பாலும் சாயங்காலம்தான், டாஸ்மாக் திறந்திருக்கிற நேரம். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள், பசியில் குடி வெறி கூடும். கடை இல்லாத வழியாகப் போகச் சொல்லுங்கள். ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போகலாம். பல வருடம் குடிக்காமல் இருக்கும் ஓர் ஆணின் நம்பரை வாங்கிக்கொண்டு, குடிக்கத் தோன்றும்போது அழைக்கட்டும். குடித்துவிட்டு அழைப்பதில் பயனில்லை.

"இது மதப் பிரசாரம், விஞ்ஞானம் இல்லை" என்று கீழே யாராவது எழுதப் போகிறீர்கள், தெரியும். கடவுள் என்ற சொல் வருகிறதுதான். எந்தக் கடவுள் என்று யாரும் கேட்பதில்லை. 2020ல், மருத்துவ ஆய்வுகளை அலசி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. குடியை அறவே விட்டிருப்பதில் ஏஏயும் அதன் வழியில் தரும் சிகிச்சையும் மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்தவை அல்ல, சிலவற்றில் மேல் என்றே வந்தது. எல்லோருக்கும் ஒத்துவரும் என்று நான் சொல்லவில்லை. மாத்திரை எழுதியிருந்தால் கூட்டத்தில் யார் சொன்னாலும் அதை நிறுத்தக் கூடாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "குடியை நிறுத்தும் பொடி, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஒட்டியிருக்கிறார்களே, அதைக் கிழிக்க ஏன் யாருக்கும் கை வருவதில்லை? அந்தப் பொட்டலத்தில், குடியை விட வைக்க டாக்டர்கள் தரும் டைசல்பிராம் என்கிற மருந்து இருந்தால், தெரியாமல் தின்றவர் மேலே குடித்ததும் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து சாகக்கூட நேரிடும். டாக்டர் அதைக் கொடுப்பது நோயாளியின் சம்மதத்தோடு, ரத்தப் பரிசோதனை செய்த பிறகு. உங்கள் மாமியாரோ நாத்தனாரோ அந்தப் பொடியை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால், இன்றைக்கே எடுத்துச் சாக்கடையில் கொட்டுங்கள்.