எச்சரிக்கை வந்த பிறகு: பேரிடர் ஆயத்தம் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: புயலையும் நிலநடுக்கத்தையும் தடுக்கவே முடியாது. அப்புறம் 'பேரிடர் அபாயக் குறைப்பு' என்று எதைச் சொல்கிறீர்கள்?

பதில்: ஆளில்லாத தீவைப் புயல் கடந்தால் அது வெறும் வானிலைச் செய்தி. தாழ்வான நிலத்தில், பலமில்லாத வீட்டில், தகவல் எட்டாத ஒரு குடும்பம் இருக்கும்போதுதான் அது பேரிடர் ஆகிறது. நிலம், வீடு, தகவல் மூன்றிலும் நாம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசக் கரையைத் தாக்கிய போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். 2007-இல் அதே நாட்டைத் தாக்கிய சிதர் புயலும் மிகக் கடுமையானதுதான். அதில் இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அதுவும் பெரிய இழப்பே. ஆனால் இடைப்பட்ட காலத்தில் எழுந்த புயல் பாதுகாப்பு மையங்களும், வீடு வீடாகப் போய்ச் சொன்ன தன்னார்வலர்களும் எத்தனை உயிர்களைக் காத்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: முன்கூட்டியே சொன்னாலும் பலர் வீட்டை விட்டுக் கிளம்ப மறுக்கிறார்களே, ஏன் இந்தப் பிடிவாதம்?

பதில்: தயவுசெய்து அதைப் பிடிவாதம் என்று சொல்லாதீர்கள். மாட்டை யார் பார்ப்பார்கள்? பூட்டிய வீட்டில் திருட்டுப் போனால்? அந்த மையத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா? போன தடவை கிளம்பிப் போய் ஒன்றும் நடக்கவில்லையே? எல்லாம் நியாயமான கேள்விகள். இவற்றுக்கு மழைக்காலம் தொடங்கும் முன்பே பதில் தயாராக இருக்க வேண்டும். வங்கதேசத்தில் கால்நடைகளுக்கென்றே உயரமான மண்மேடுகள் கட்டினார்கள். 1991 புயலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். இன்று அங்குள்ள எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட புயல் தன்னார்வலர்களில் பாதிப்பேர் பெண்கள்.

சொல்லும் விதமும் முக்கியம். 'மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் காற்று' என்றால் பலருக்கு ஒன்றும் புரியாது. 'சாயங்காலத்துக்குள் இந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் வரும், இப்போதே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்' என்றால் கால் தானே நகரும். தெரிந்த முகம் வந்து சொன்னால் இன்னும் நல்லது.

கேள்வி: எங்கள் கடற்கரையில் சைரன் கிடையாது. சுனாமி வந்தால்?

பதில்: நில அதிர்வையே சைரனாக எடுத்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் பலமாகவோ நீண்ட நேரமோ நிலம் ஆடினால், கடல் திடீரென உள்வாங்கினால், யாருக்கும் காத்திருக்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். இந்தோனேசியாவின் சிமுலூ தீவு மக்கள் 1907 சுனாமியின் நினைவை 'ஸ்மோங்' என்ற ஒரே சொல்லில், பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004-இல் அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லோரும் மலையேறினார்கள். சுமார் 78,000 பேரில் 7 பேர்தான் இறந்தார்கள். முதல் அலை வடிந்ததும் இறங்கிவிடாதீர்கள். அடுத்த அலை அதைவிடப் பெரிதாக வரலாம்.

கேள்வி: சாலையில் முழங்காலளவு வெள்ளம். காரில் கடக்கலாமா?

பதில்: கூடாது. வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும், 30 சென்டிமீட்டரில் சின்ன கார் மிதக்கும். திரும்பிவிடுங்கள்.

கேள்வி: குடியிருப்பில் குழு அமைத்து ஒத்திகையும் முடித்துவிட்டோம். வேறென்ன?

பதில்: ஒத்திகையை எப்போது நடத்தினீர்கள்? பகலில் என்றால், ஒரு தடவை இரவில், விளக்கை அணைத்துவிட்டு நடத்துங்கள். அப்புறம், படுக்கையில் இருப்பவர், காது கேளாதவர், தனியாக வாழும் முதியவர் ஒவ்வொருவருக்கும் நேராக இரண்டு பெயர் எழுதுங்கள். ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் மற்றவர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். அந்த இருவருக்கும் மருந்து எங்கே இருக்கிறது, சக்கர நாற்காலியை எப்படி மடிப்பது என்பதெல்லாம் தெரிந்திருக்கட்டும்.