ஒரு புத்தகம் முழுவதையும் போடோனி எழுத்துருவில் அச்சிடலாமா? கண்ணுக்குக் கெடுதல் என்கிறார்களே, உண்மையா?

தாராளமாக அச்சிடலாம். கண்ணை வருத்துவது போடோனி அல்ல. தலைப்புக்கென்று பெரிதாக வரைந்த எழுத்தைச் சுருக்கி 9 பாயிண்ட்டில் (ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு) போடுகிறார்களே, அதுதான் வருத்துகிறது. நீங்கள் சொந்தச் செலவில் ஓர் ஆங்கிலப் புத்தகம் கொண்டுவருகிறீர்கள், திரையில் பெரிதாக்கிப் பார்த்து அந்த எழுத்தில் மனத்தைப் பறிகொடுத்துவிட்டீர்கள், அச்சகத்தில் ‘வேண்டாம் சார்’ என்று சொல்லிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பக்க வடிவமைப்பில் பிழைப்பு நடத்துகிற நான் இந்தப் பழியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஜாம்பட்டிஸ்டா போடோனி 1768 முதல் 1813இல் இறக்கும்வரை இத்தாலியின் பார்மா நகரில் கோமகனின் அச்சகத்தைக் கவனித்தவர். அவர் எழுத்தில் செங்குத்துக் கோடு நன்றாகத் தடித்திருக்கும், குறுக்குக் கோடும் முனைகளில் நிற்கும் செரிஃப் என்னும் குட்டிக் கோடும் மயிரிழையாக இருக்கும். அதே காலத்தில் பாரிஸில் அச்சுத் தொழில் செய்த டிடோ குடும்பத்தாரும் இதே வழியில் போனார்கள். வழவழப்பான தாள் கிடைக்கத் தொடங்கிய காலம் அது; மெல்லிய கோடு தாளில் நின்றது. ஆனால் எல்லோரும் மறக்கும் சங்கதி ஒன்று உண்டு. அன்று ஒவ்வோர் அளவு எழுத்தையும் எஃகு அச்சில் தனித்தனியாகச் செதுக்கினார்கள். சின்ன எழுத்தில் மெல்லிய கோட்டைச் சற்றே தடிப்பாக்கி, எழுத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தி, இடைவெளியும் தாராளமாக விட்டார்கள். போடோனி இறந்தபின் அவர் மனைவி 1818இல் வெளியிட்ட இரண்டு தொகுதி மாதிரி நூலைப் பார்த்தால், அளவுக்கு அளவு அந்த மனிதர் எவ்வளவு மெனக்கெட்டார் என்பது தெரியும். பிற்காலத்தில் ஒரே வரைபடத்தை எல்லா அளவுக்கும் நீட்டிச் சுருக்கினார்கள். வந்தது வினை. 9 பாயிண்ட்டில் அந்த மயிரிழை, பாயிண்ட்டில் கால் பங்குகூடத் தேறாது. அது அச்சுத் தகடான பிளேட்டிலிருந்து பிளாங்கெட் என்னும் ரப்பர் விரிப்புக்கும், அங்கிருந்து சொரசொரப்பான தாளுக்கும் போய்ச் சேர்வதற்குள் அறுந்துவிடுகிறது. ஆங்கிலச் சிற்றெழுத்து ‘ஈ’யின் நடுக்கோடு போனால் அது ‘சி’ ஆகிவிடும். பிறகு யார்தான் படிப்பார்கள்?

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் ஆங்கிலத் தன்வரலாற்றை நான் வடிவமைத்தேன். போடோனிதான் வேண்டும் என்று மகன் பிடிவாதமாக இருந்தார். எனக்கும் ஆசைதான். சின்ன அளவுக்கென்றே வரைந்த போடோனி வாங்க வேண்டும் என்றேன். “இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது, எதற்குத் தனிச் செலவு?” என்றார் மகன். வாதாடாமல், அடுத்தடுத்த இரண்டு பக்கங்களை இரண்டு விதமாக அமைத்து, புத்தகம் போகவிருந்த அதே மேப்லிதோ தாளில் (பூச்சில்லாத சாதாரணப் புத்தகத் தாள்), அதே அச்சகத்தில் ஓட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எது எதுவென்று சொல்லாமல் பெரியவரிடம் நீட்டினேன். முதல் தாளை ஜன்னல் பக்கம் சாய்த்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார், சில வரிகளிலேயே கீழே வைத்துவிட்டு, “மை சரியாகப் பிடிக்கவில்லையோ?” என்று கேட்டார். இரண்டாவது தாளை எடுத்தவர் பேசவே இல்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, திருச்சிக்கு மாற்றலாகி வந்த வருடம் தவறாக இருப்பதாகச் சொல்லித் திருத்த ஆரம்பித்துவிட்டார். அவர் பிழை திருத்திய தாள் சின்ன அளவுக்கென்று வரைந்தது. மகன் அங்கேயே செலவுக்குச் சம்மதித்தார்.

ஒரு கிழவர் படித்ததை வைத்து முடிவு கட்டுவதா என்று சிலர் பின்னூட்டத்துக்கு வருவார்கள். நான் ஆராய்ச்சி முடிவு என்று சொல்லவில்லையே. கண் வலிப்பது பிரமை என்று வாதிடுவோரும் உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1760 வாக்கில், ஆங்கிலேய எழுத்து வடிவமைப்பாளர் பாஸ்கர்வில்லின் எழுத்தில் கோடுகள் மெலிந்திருப்பதால் நாட்டையே குருடாக்கிவிடும் என்று ஒருவர் குறைசொன்னார். பெஞ்சமின் பிராங்க்ளின், இன்னோர் ஆங்கிலேயரான கேஸ்லானின் எழுத்து மாதிரித் தாளின் தலைப்பைக் கிழித்துவிட்டு, இதுதான் பாஸ்கர்வில் என்று அவரிடமே கொடுத்தார். மனிதர் அதிலும் வரிக்கு வரி குறை கண்டுபிடித்தார். அதனால்தான் நான் எது எதுவென்று பெரியவரிடம் சொல்லவில்லை.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகத்தின் பதிப்பு விவரப் பக்கத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தது, அட்டைப் படம் எடுத்தவர் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. கேட்டபோது ‘டிடிபி வேலைக்கு எல்லாம் பெயர் போடுவது வழக்கமில்லை’ என்றார்கள். ஒவ்வொரு வரியின் இடைவெளியையும் கண் எரியப் பார்த்துச் சரிசெய்கிறவனுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடுமா? இந்தத் தொழிலில் இருக்கும் எத்தனையோ பேரின் மனக்குறை இது. நல்ல பதிப்பாளர்கள் விதிவிலக்காக இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஐடிசி என்ற எழுத்துரு நிறுவனத்தின் போடோனி 1994இல் வெளியானது. அதை வரைந்தவர்கள் பார்மாவுக்கே போய் மூலத்தைப் பார்த்துவிட்டு வந்து 6, 12, 72 என்று மூன்று அளவுக்குத் தனித்தனியாக வரைந்தார்கள். புத்தகத்தின் உள்ளே ஓடும் எழுத்துக்கு 72ஐத் தொடவே தொடாதீர்கள். பணம் போட முடியாது என்றால் கூகுள் எழுத்துருக்களில் போடோனி மோடா இலவசமாகக் கிடைக்கிறது, அதிலும் அளவுக்கேற்ற வடிவங்கள் உண்டு. வரி இடைவெளியில் கஞ்சத்தனம் வேண்டாம். 10 பாயிண்ட் எழுத்துக்கு 14 கொடுங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளையாகச் சின்ன எழுத்து போடாதீர்கள், மை பரவி மெல்லிய கோட்டை விழுங்கிவிடும். எழுத்து தனிக் கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நான்கு வண்ணம் கலந்த கறுப்பாக இருந்தால், அவை ஒன்றன்மேல் ஒன்று விழுவதில் இம்மி பிசகினாலும் கோடுகளின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப்பார்க்கும். பிளேட் போடுவதற்கு முன் கோப்பைத் திறந்து இதை ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.