எஃப்-1 விசாவில் இருக்கும் கல்லூரி வீராங்கனை விளம்பரப் பணம் வாங்கலாமா?

கேள்வி: என் மகள் கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக டென்னிஸ் அணியில் ஆடுகிறாள். எஃப்-1 என்னும் மாணவர் விசா, இரண்டாம் ஆண்டு. அங்குள்ள விளையாட்டுப் பொருள் கடை ஒன்று 1,500 டாலர் தருவதாகச் சொல்கிறது. மூன்று ரீல்ஸ் போட வேண்டும், ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்து வாடிக்கையாளர்களோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அணியில் மற்றவர்கள் இப்படிச் சம்பாதிக்கிறார்களாம். கையெழுத்துப் போடலாமா? - ஒரு தந்தை, கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். கலிபோர்னியா சட்டம் இதை அனுமதிக்கிறது. உங்கள் மகளின் விசா அனுமதிக்கவில்லை. அணித் தோழிகள் சொல்வது உண்மைதான், ஆனால் அது அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்குப் பொருந்தும் உண்மை.

கல்லூரி வீரர்கள் தங்கள் பெயர், படம், புகழ் ஆகியவற்றை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று முதலில் சட்டம் போட்ட மாநிலம் கலிபோர்னியா. 2019 செப்டம்பர் 30 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார். இப்படிச் சம்பாதித்ததற்காக அணியிலிருந்து நீக்கவோ ஸ்காலர்ஷிப்பைப் பறிக்கவோ கல்லூரியால் முடியாது. 2021 ஜூலை 1 அன்று புளோரிடா போன்ற மாநிலங்களின் சட்டங்கள் அமலுக்கு வந்தபோது, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வும் நாடு முழுவதும் தன் தடையைத் தளர்த்தியது. ஆனால் குடிவரவு என்பது மத்திய அரசின் சட்டம். மாநிலம் எதை அனுமதித்தாலும் எஃப்-1 விதி அப்படியே நிற்கும்.

அந்த விதியில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேர வேலைக்கு இடம் உண்டு. வளாகத்துக்கு வெளியே என்றால் படிப்போடு சேர்ந்த பயிற்சி வேலை போன்ற சில வழிகள்தாம், அவற்றுக்கும் முன் அனுமதி வேண்டும். கடையில் நின்று படம் எடுத்துக்கொள்வதும், காசுக்கு ரீல்ஸ் போடுவதும் வேலையாகவே பார்க்கப்படும். பணத்துக்குப் பதில் ராக்கெட்டும் ஷூவும் கொடுத்தாலும் அது ஊதியம்தான். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

இதில் பிடிபட்டால் என்ன ஆகும் என்பதைக் கவனமாகப் படியுங்கள். வேறு காரணங்களால் எஃப்-1 தகுதி போனால், அதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அனுமதியில்லாமல் வேலை செய்தவருக்கு அந்த வழி இல்லை. 1,500 டாலருக்காகப் படிப்பு, ஆட்டம், பின்னால் வரப்போகும் விசா எல்லாவற்றையும் பணயம் வைக்க வேண்டியதில்லை.

இதைவிடப் பாதுகாப்பான வழி ஒன்று இருக்கிறது. எஃப்-1 விதி கட்டுப்படுத்துவது அமெரிக்க மண்ணில் செய்யும் வேலையை. கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஆடிய காங்கோ நாட்டுக் கூடைப்பந்து வீரர் ஆஸ்கர் ஷீப்வே, 2022 ஆகஸ்டில் அணி பஹாமாஸ் போனபோது விளம்பர வேலைகளை அங்கே வைத்துக்கொண்டார். உங்கள் மகளும் விடுமுறைக்குக் கோவை வரும்போது ஓர் இந்திய நிறுவனத்துக்குச் செய்துகொடுக்கலாம். படப்பிடிப்பு, எடிட்டிங், பதிவேற்றம் மூன்றும் ஊரிலேயே முடிய வேண்டும், பணமும் இந்தியக் கணக்கில் வரட்டும். ‘செமஸ்டர் முழுக்க வாரம் ஒரு ஸ்டோரி’ என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால் மொத்தமும் கெட்டது, ஏனென்றால் அந்த ஸ்டோரியைக் கலிபோர்னியாவில் உட்கார்ந்துதான் போட வேண்டியிருக்கும். ஒப்பந்த வரைவைக் குடிவரவு வழக்கறிஞர் ஒருவர் பார்த்த பிறகே கையெழுத்து.

ஊரில் செய்தாலும் கல்லூரிக்குத் தெரிவிக்கும் கடமை போகாது. கலிபோர்னியா சட்டப்படி ஒப்பந்தத்தைக் கல்லூரி நியமித்த அதிகாரியிடம் காட்ட வேண்டும். அணியின் ஒப்பந்தத்தோடு மோதும் நிபந்தனை எதுவும் அதில் இருக்கக் கூடாது. உங்கள் மகள் ஆடுவது என்.சி.ஏ.ஏ.வின் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் 1 அணி என்றால் இன்னொன்றும் உண்டு. என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிரான ‘ஹவுஸ்’ வழக்கில் 2025 ஜூன் 6 அன்று நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு, 600 டாலரும் அதற்கு மேலும் உள்ள வெளியார் ஒப்பந்தங்களை இதற்கென்றே உள்ள ‘என்.ஐ.எல். கோ’ இணையத் தளத்தில் ஐந்து வேலை நாட்களுக்குள் பதிய வேண்டும்.

ஒப்பந்தத்தில் என் கண் முதலில் போகும் இடம், படத்தை எவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்ற வரி. ‘நிரந்தரமாக, உலகெங்கும், எல்லா ஊடகங்களிலும்’ என்று போட்டிருப்பார்கள். அதை அடித்துவிட்டு ‘பதிவிட்ட நாளிலிருந்து 6 மாதம், இன்ஸ்டாகிராமில் மட்டும்’ என்று எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் மகள் படிப்பை முடித்து வேறு பிராண்டிடம் போகும் நாளிலும் பழைய கடை அவர் முகத்தைப் போட்டு விற்றுக்கொண்டிருக்கும். பல்கலைக்கழகச் சின்னம் உள்ள ஜெர்ஸியை அனுமதியின்றிப் போட்டு நடிக்கவும் கூடாது.

ஒருவேளை ஏற்கெனவே ஒரு ரீல் போட்டுப் பணமும் வாங்கியிருந்தால், அவசரப்பட்டு அதை அழித்துவிட்டு இருந்துவிட வேண்டாம். பணம் வந்த தேதி, வாட்ஸ்அப் உரையாடல், ரசீது எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். அவரிடம் சொல்வது ரகசியமாக இருக்கும். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கோ விதிமீறலை அரசுக்குத் தெரிவிக்கும் பொறுப்பு உண்டு. அங்கே என்ன சொல்வது, எப்போது சொல்வது என்பதை வழக்கறிஞரோடு பேசி முடிவெடுங்கள்.