யாருடைய குழாய், யாருடைய கம்பம்?

வாசகர் கேள்வி – பதில்: மும்பை மாநகரப் பணிகள்

மழைக்காலம் நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் தண்ணீரும் சாலையுமே மிகுதியாக இருக்கும். இம்முறையும் அப்படித்தான். ஒரே பொருளில் வந்த கடிதங்களை ஒன்றாக்கி, கேள்விகளைச் சுருக்கி வெளியிட்டிருக்கிறோம்.

கேள்வி: ஒரு மாதமாகக் காலையில் குழாயைத் திறந்ததும் பழுப்பு நிறத்தில், சாக்கடை வாடையோடு தண்ணீர் வருகிறது. பத்து நிமிடத்தில் தெளிந்துவிடுகிறது. சொசைட்டி (குடியிருப்போர் சங்கம்) செயலாளர் மாநகராட்சியைக் கைகாட்டுகிறார்; வந்து பார்த்த ஊழியர் எங்கள் தொட்டியைக் கைகாட்டுகிறார். யார் சொல்வது சரி? — செம்பூர் வாசகி

பதில்: இருவரில் யார் சொல்வது சரி என்பதை ஒரே காலைப்பொழுதில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அந்தக் குழாயில் வருவது தெருக்குழாயிலிருந்து நேராக வரும் தண்ணீரா, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரா என்பதை நீங்கள் எழுதவில்லை. விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

மும்பைக்குத் தண்ணீர் தருபவை ஏழு நீர்த்தேக்கங்கள். 1860இல் பயன்பாட்டுக்கு வந்த விஹார் அவற்றில் மூத்தது. 2014இல் சேர்ந்த மத்திய வைதரணா இளையது. விஹாரும் துளசியும் தவிர மற்றவை நகர எல்லைக்கு வெளியே வெகு தொலைவில் உள்ளன. பாண்டுப், பாஞ்சராபூர் நிலையங்களில் சுத்திகரித்து, குளோரின் கலந்துதான் நீரை நகருக்குள் விடுகிறார்கள். எனவே அங்கிருந்து கிளம்பும்போது தண்ணீர் நன்றாகவே இருக்கிறது. கெடுவது பெரும்பாலும் நம் தெருவுக்கு வந்த பிறகுதான்.

காரணம் எளிது. இந்த நகரின் பெரும்பகுதியில் நாள் முழுவதும் தண்ணீர் விடுவதில்லை. நீண்ட இரும்புச் சாவியைச் சாலைக் குழிக்குள் விட்டு வால்வைத் திருகும் ஊழியரை இங்கே சாவிவாலா என்பார்கள். (நமக்கும் மராத்தியருக்கும் சாவி என்ற சொல்லைக் கொடுத்தவர்கள் போர்த்துக்கீசியர்களே என்பதால் பெயர் விளங்குவதில் சிரமம் இல்லை.) அவர் வால்வை மூடியதும் குழாயில் அழுத்தம் இறங்கிவிடுகிறது. பழைய சந்துகளில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் அருகருகே கிடக்கின்றன. குடிநீர்க் குழாய் துருப்பிடித்து ஊசித்துளை விழுந்திருந்தால், அழுத்தம் இல்லாத அந்த நேரத்தில் சுற்றியுள்ள கழிவுநீர் உள்ளே இறங்கித் தங்கிவிடும். மறுநாள் வால்வு திறந்ததும் அந்தக் கழிவுதான் முதலில் தள்ளிக்கொண்டு வரும். உங்களுடையது நேரடிக் குழாயாக இருந்தால், 'பத்து நிமிடத்தில் தெளிந்துவிடுகிறது' என்று நீங்கள் எழுதியிருப்பது இந்தக் காரணத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

மேல்தொட்டிக் குழாயாக இருந்தால் கதை வேறு. பழுப்பு நிறம் இரவு முழுவதும் கட்டடத்தின் பழைய இரும்புக் குழாய்களில் நின்ற துருவாக இருக்கலாம். வாடையும் சேர்ந்திருப்பதால் நிலத்தடித் தொட்டியில் ஏதோ கசிகிறது என்று ஐயப்பட வேண்டும். எங்கள் கட்டடத்திலேயே இதற்காக இரண்டு மாதம் மாநகராட்சியோடு சண்டை பிடித்தோம். கடைசியில் பார்த்தால், நிரம்பி வழியும் நீரை வெளியேற்ற நாங்களே வைத்த குழாய் சாக்கடை மட்டத்துக்குக் கீழே திறந்திருந்தது; மழை பெய்த இரவுகளில் சாக்கடை நீர் அதன் வழியே தொட்டிக்குள் திரும்பியிருக்கிறது. அதன் பிறகு வார்டு அலுவலகத்தில் யார் முகத்திலும் விழிக்கச் சங்கடமாக இருந்தது.

ஆகவே, தண்ணீர் திறந்துவிடும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் மூன்று கண்ணாடிப் பாட்டில்களில் நீர் பிடியுங்கள்: ஒன்று தெருவிலிருந்து கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில், ஒன்று நிலத்தடித் தொட்டியில், ஒன்று மேல்தொட்டியில். முதல் பாட்டிலே கலங்கியிருந்தால் 1916 என்ற எண்ணை அழைத்து, 'அழுக்குத் தண்ணீர்' என்று சொல்லாமல் 'கன்டாமினேஷன்' (மாசு கலப்பு) என்றே பதிவு செய்யச் சொல்லுங்கள். வெறும் கலங்கலைவிட அந்தச் சொல்லுக்கு அவசரம் கூடுதல். வரும் ஊழியர் சிறு குழலில் நீர் எடுத்து மருந்து சில துளி விடுவார். நீரில் குளோரின் மிச்சம் இருந்தால் மஞ்சள் நிறம் தோன்றும். தோன்றாவிட்டால் வழியில் எதுவோ அந்தக் குளோரினைத் தின்றுவிட்டது என்று பொருள். அந்தக் குழலை உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. தெருவில் ஓடும் பொதுக் குழாயைப் பழுது பார்ப்பது மாநகராட்சியின் வேலை. அதிலிருந்து உங்கள் கட்டடத்துக்குப் பிரியும் இணைப்புக் குழாய் துருப்பிடித்துப்போயிருந்தால், உரிமம் பெற்ற பிளம்பரை வைத்து மாற்றும் செலவு சொசைட்டியின் தலையில் விழுவதே வழக்கம். செயலாளர் மாநகராட்சியைக் கைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எது எப்படியானாலும், சரியாகும்வரை குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

கேள்வி: எங்கள் சந்து முனையில் விளக்கு எரியவில்லை. மாநகராட்சியில் சொன்னால் தங்களுடையது இல்லை என்கிறார்கள். — தாராவி வாசகர்

பதில்: அவர்கள் சொன்னது உண்மைதான். கொலாபாவிலிருந்து மாஹிம், சயான் வரை உள்ள தீவு நகரப் பகுதியில் தெருவிளக்குகளைப் பராமரிப்பது, அங்கே மின்சாரம் வழங்கும் பெஸ்ட் நிறுவனம். தாராவி அதற்குள் அடங்கும். புறநகர்களில் பெரும்பகுதி அதானி மின் நிறுவனம், பாண்டுப்–முலுண்ட் பக்கம் மாநில அரசின் மின் விநியோக நிறுவனமான மகாவிதரண். அதாவது, உங்கள் வட்டாரத்துக்கு மின்சாரம் தருபவரே தெருவிளக்குக்கும் பொறுப்பு. கம்பத்தில் எண் இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு அழையுங்கள். 'சந்து முனை' என்றால் தாராவியில் எந்தச் சந்து என்று யாருக்குத் தெரியும்?

கேள்வி: எங்கள் வார்டை ஒருவர் 'எஃப் நார்த்' என்கிறார், இன்னொருவர் ஒரு மூன்றிலக்க எண்ணைச் சொல்கிறார். எது சரி? — மாட்டுங்கா வாசகர்

பதில்: இரண்டும் சரி. எண், மாநகராட்சி உறுப்பினரான கார்ப்பரேட்டரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதிக்கு உரியது. அப்படி 227 தொகுதிகள் உள்ளன. ஆங்கில எழுத்து, நிர்வாக வார்டுக்கு உரியது. குப்பை, சாக்கடை, சாலை போன்ற புகார்களுக்கு எழுத்துதான் தேவை. மாட்டுங்கா கிழக்கு, சயான், வடாலா ஆகியவை எஃப் நார்த். ரயில் பாதையைத் தாண்டி மேற்கே போனால் தாதர், மாஹிம், தாராவியோடு சேர்ந்து ஜி நார்த். பாலத்துக்கு இந்தப் பக்கம் இருப்பவர் அந்தப் பக்கத்து அலுவலகத்தில் வரிசையில் நின்று திரும்பியதாக ஆண்டுதோறும் நமக்குக் கடிதம் வருகிறது.

கேள்வி: சாலைப் பள்ளத்தில் ஸ்கூட்டர் இறங்கி விழுந்ததில் கணவருக்குக் கை முறிந்தது. இழப்பீடு கேட்க முடியுமா? — முலுண்ட் வாசகி

பதில்: கேட்க முடியும். 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பள்ளத்தாலோ மூடியில்லாத மேன்ஹோலாலோ உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாயும், காயமடைந்தவருக்குக் காயத்தின் தன்மையைப் பொறுத்து 50,000 முதல் 2.5 லட்சம் ரூபாய் வரையும் வழங்க வேண்டும் என்று கூறியிருக்கிறது. தொகையை முடிவு செய்யக் குழுக்கள் அமைக்கவும் அது உத்தரவிட்டது. மாநகராட்சிப் பகுதிகளில் ஆணையரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தின் செயலாளரும் அக்குழுவில் இருப்பர். பணம் கிடைப்பது நீங்கள் வைத்திருக்கும் காகிதங்களைப் பொறுத்தது: அருகிலுள்ள கடைப் பலகையோ கம்பமோ தெரியும்படி எடுத்த பள்ளத்தின் படம், அன்றைய தேதியிட்ட மருத்துவமனைச் சீட்டு, காவல் நிலையப் பதிவு. பள்ளத்தை மட்டும் நெருக்கமாகப் படமெடுத்தால் அது எந்தத் தெருப் பள்ளமாகவும் இருக்கலாம்.

சாலை யாருடையது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். கிழக்கு, மேற்கு விரைவு நெடுஞ்சாலைகள் 2022இல்தான் மாநகராட்சியின் பொறுப்புக்கு வந்தன. மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்த இடமாக இருந்தால் அந்தத் தடுப்புப் பலகையிலேயே பொறுப்பாளர் பெயர் இருக்கும்; அதையும் படமெடுத்து வைக்கவும்.

கேள்வி: பக்கத்து வளாகத்து மரக்கிளை எங்கள் ஜன்னலில் உரசுகிறது. வெட்டிவிடலாமா? — காட்கோபர் வாசகர்

பதில்: வெட்டாதீர்கள். மகாராஷ்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் 1975இலிருந்து நடைமுறையில் உள்ளது. அனுமதியின்றி வெட்டுவது குற்றம். வார்டின் தோட்டத்துறைக்கு விண்ணப்பியுங்கள். சாலையோர மரங்களை மாநகராட்சியே மழைக்கு முன் கழித்துவிடும். தனியார் வளாகத்து மரத்துக்கு அனுமதி மட்டும் அவர்கள் தருவார்கள், கூலி மரத்துக்காரருடையது. பக்கத்து வளாகத்தாரையும் சேர்த்துக் கையெழுத்திட வைத்தால் காரியம் விரைவாக நடக்கும்.

கேள்வி: நாலா (மழைநீர்க் கால்வாய்) அடைப்பைப் பற்றி மூன்று முறை புகார் செய்தேன். மூன்று முறையும் 'பணி முடிந்தது' என்று குறுஞ்செய்தி வந்தது. நாலா அப்படியே இருக்கிறது. — பெயர், இடம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: நான்காவது முறை புகார் செய்யாதீர்கள், அதுவும் முடிந்துவிடும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். மராத்தி தெரியாது என்று தயங்க வேண்டாம். ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதலாம். மகாராஷ்டிர விதிப்படி விண்ணப்பம் 150 சொற்களுக்குள், ஒரே பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

'ஏன் சுத்தம் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குத் தகவல் தர வேண்டியதில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் மூன்று புகார் எண்களையும் குறிப்பிட்டு, ஒவ்வொன்றிலும் இடத்தைப் பார்வையிட்ட ஊழியரின் அறிக்கை, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கம் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். எத்தனை மீட்டர் நாலாவில் எவ்வளவு வண்டல் அள்ளப்பட்டது என்று அளவுப் புத்தகத்தில் எழுதியாக வேண்டும். எழுதியிருந்தால் அந்த நகலையும் நாலாவின் படத்தையும் சேர்த்து உதவி ஆணையரின் மேசையில் வைக்கலாம். எழுதவில்லை என்றால் 'பணி முடிந்தது' என்பதற்கு ஆதாரம் இல்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதற்கு 20 ரூபாய் வில்லை. விண்ணப்பத்தை நேரில் கொடுப்பதானால் உங்கள் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் விழும்வரை அந்தச் சாளரத்தை விட்டு நகராதீர்கள். 30 நாளை அந்தத் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும்.