வலெட்டா பயணம்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

மால்டாவின் தலைநகர் வலெட்டாவுக்கு இரண்டு முறை போய், இரண்டு முறையும் ஊருக்குள்ளேயே தங்கியவன் நான். பயணத்துக்குத் தயாராகும் சிலர் கேட்டிருந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐந்து நாள் மால்டாவில் இருப்போம். பக்கத்து ஊரான ஸ்லீமாவில் அறை பார்த்திருக்கிறோம். வலெட்டாவுக்கு அரை நாள் போதும்தானே?

போதாது. முடிந்தால் அறையையே வலெட்டாவுக்கு மாற்றிவிடுங்கள். ஊரின் நீளம் ஒரு கிலோமீட்டர்தான் என்பதால் அரை நாளில் பார்த்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் பகலில் கப்பலில் வந்து இறங்கும் கூட்டம் தெருவை அடைத்துக்கொள்ளும். அவர்கள் திரும்பிய பிறகு, சாயங்கால வெயில் அந்த மஞ்சள் சுண்ணாம்புக் கல் சுவர்களில் படும்போது பார்க்க வேண்டும். 1565இல் ஒட்டோமான் படை முற்றுகையிட்டுத் தோற்றுப் போனது. அப்போது தீவை ஆண்ட, போர்வீரர்களாகவும் துறவிகளாகவும் இருந்த செயிண்ட் ஜான் சபை வீரத்துறவிகள் அடுத்த ஆண்டே, இனி யாரும் நெருங்க முடியாதபடி, வெறும் பாறை முனையில் அடிக்கல் நாட்டிக் கட்டிய ஊர் இது. தெருக்களெல்லாம் நேர்க்கோடு. பல தெருக்களில் நின்று பார்த்தால் கோடியில் கடல் தெரியும். காலை ஏழு மணிக்கு ஆள் இல்லாத தெருவில், மேலே வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் வண்ண மர பால்கனிகளைப் பார்த்தபடி நடந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி. ஊர் முழுக்கப் படிக்கட்டு என்கிறார்களே?

உண்மைதான். ஆனால் சமாளிக்கலாம். ஊர் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. முக்கியத் தெருவான ரிபப்ளிக் தெரு அந்த மேட்டின் முதுகு. நகர வாசலிலிருந்து செயிண்ட் ஜான் பேராலயம் வரை ஏறக்குறைய சமதளம். குறுக்குத் தெருக்கள்தான் இரு பக்கமும் துறைமுகத்தை நோக்கிச் சரிகின்றன. அதனால் நகர வாசல் பக்கமாக அறை எடுங்கள். கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பழைய வீடுகள் பலவற்றில் இருக்காது. எதிர்க்கரையில் ‘மூன்று நகரங்கள்’ என்று அழைக்கப்படும் பழைய ஊர்களுக்குப் படகில் போய்த் திரும்பும்போது, 58 மீட்டர் உயர லிஃப்ட் ஒன்று கரைப்பக்கத்திலிருந்து அப்பர் பரக்கா தோட்டத்துக்கே ஏற்றிவிடும். அம்மாவைப் பகல் 12 மணிக்கு அங்கே உட்கார வையுங்கள். கீழே பீரங்கி வெடிப்பார்கள், எதிரே பெரிய துறைமுகம் முழுவதும் தெரியும்.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எது?

செயிண்ட் ஜான் பேராலயம். வெளியே கோட்டைச் சுவர் மாதிரி மொட்டையாக இருக்கும், உள்ளே போனால் கண் கூசும். தரையே வீரத்துறவிகளின் பளிங்குக் கல்லறைகள்தான், ஏறக்குறைய 400. கூர்மையான குதிகால் செருப்போடு விடமாட்டார்கள். அப்புறம் பக்கத்து அறைக்குள் போங்கள். இத்தாலிய ஓவியர் காரவாஜியோ 1608இல் வரைந்த, செயிண்ட் ஜான், அதாவது இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவானின் தலையை வெட்டும் ஓவியம் அங்கே இருக்கிறது. அகலம் மட்டும் ஐந்து மீட்டருக்கு மேல். பாதிப் படம் வெறும் இருட்டுச் சுவர். கழுத்திலிருந்து வழியும் ரத்தத்திலேயே ஓவியர் தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்டதாக அறியப்படும் ஒரே ஓவியம் இது. அதே ஆண்டு அவரை வீரத்துறவியாகச் சேர்த்துக்கொண்ட சபை, ஆண்டு முடிவதற்குள் இந்த அறையிலேயே கூடி அவரை விலக்கியது. அங்கே பத்து நிமிடமாவது நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை.

ஹைப்போஜியம் டிக்கெட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாமா?

அதை நம்பிப் போகாதீர்கள். பாறைக்குள் குடைந்த, 5000 ஆண்டுக்கும் பழைய நிலத்தடி இடுகாடு அது. மூச்சுக் காற்றின் ஈரமே உள்ளே இருக்கும் செந்நிற ஓவியங்களைக் கெடுத்துவிடும் என்பதால் ஒரு நேரத்தில் பத்துப் பேரைத்தான் விடுகிறார்கள். பயணத் தேதி முடிவானதும் முதலில் இணையத்தில் இதைப் பதிவு செய்யுங்கள். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதி கிடையாது.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

வேண்டாம். பஸ்திஸி என்று நம்ம பஃப்ஸ் மாதிரி ஒன்று தெருவுக்குத் தெரு கிடைக்கும். உள்ளே ரிக்கோட்டா பாலாடை அல்லது மசித்த பட்டாணி. மாவில் விலங்குக் கொழுப்பு சேர்க்கும் கடைகளும் உண்டு, கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழி, பேசுவதில் சிரமம் இராது. ஃப்திரா ரொட்டியில் சூரை மீன் வைப்பார்கள், வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எந்த மாதம் போகலாம்? விசா?

ஏப்ரல், மே. இல்லையென்றால் அக்டோபர், கடல் அப்போதும் குளிக்கிற அளவுக்கு வெதுவெதுப்பாக இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் கல் அனலடிக்கும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) வேண்டும், ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். விசா கையில் வரும்வரை, ரத்து செய்யக்கூடிய அறையாகவே பதிவு செய்யுங்கள். நம் ஊர் பிளக் அங்கே பொருந்தாது, பிரிட்டன் மாதிரி மூன்று சதுர முனை அடாப்டர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.